கூழாங்கல்லைக் கவ்விய ஆள்காட்டிக் குருவி

ஒரு காட்டின் ஓரத்தில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. மாசி பிறந்தால் போதும், அதன் தண்ணீரெல்லாம் வற்றி நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சும். மற்ற இடமெல்லாம் கூழாங்கல்லும் வெடித்த களிமண்ணும்தான். அந்தக் கூழாங்கல் தரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி தன் கணவனோடு குடியிருந்தது.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. தரையில் காலால் ஒரு குழி பறித்து, சுற்றிலும் நாலு கல்லை வைத்து, அதில் முட்டையிடும். முட்டையும் கல்லின் நிறத்திலேயே இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் எது கல், எது முட்டை என்று தெரியாது. அப்படிப்பட்ட முட்டைகளை ஒரு குள்ளநரி கண்டுபிடித்துத் தின்றுவிட்டது. மாசியில் ஒரு தடவை. பங்குனியில் மறுபடியும் ஒரு தடவை.

ஆள்காட்டிக்குப் பிறவியிலேயே கோபம் அதிகம். ஆடு வந்தாலும் கத்தும், ஆமை வந்தாலும் கத்தும், காற்றில் சருகு உருண்டால்கூட விரட்டிக்கொண்டு போய்க் கத்தும். முட்டைகளைப் பறிகொடுத்த பிறகு அதன் கோபத்தைக் கேட்கவா வேண்டும்!

"கண்ணுக்கே தெரியாத முட்டை அந்த நரிக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? யாரோ காட்டிக்கொடுக்கிறாங்க! யாருன்னு தெரியட்டும், கண்ணைக் கொத்திடுறேன்!" என்று ஏரி முழுக்கப் பறந்து பறந்து கத்தியது.

கணவன் குருவி மெல்லச் சொன்னது: "கொஞ்சம் அமைதியா உக்காந்து யோசிப்போமே."

"யோசிக்கிறதா? எனக்கு வயிறு எரியுது! நரி வந்தப்ப நான் தொண்டை கிழியக் கத்தினேன். நீங்க என்ன செஞ்சீங்க? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

கணவன் குருவி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. அன்று முதல் அதுவும் மனைவியைப் போலவே கத்தப் பழகியது.

ஏரிக்கரைப் புல்லில் ஒரு கௌதாரி இருந்தது. அதுவும் தரையில்தான் முட்டையிடும். ஆனால் அதன் முட்டைகள் பத்திரமாகப் பொரிந்து, குஞ்சுகள் தாயின் பின்னால் குடுகுடுவென்று ஓட ஆரம்பித்துவிட்டன. கௌதாரி யாரிடமும் அதிகம் பேசாது. தான் உண்டு, தன் குஞ்சுகள் உண்டு என்று இருக்கும்.

ஆள்காட்டி சந்தேகப்பட அதுவே போதும்.

"அடியே கௌதாரி! நானும் தரையில முட்டை வைக்கிறேன், நீயும் தரையில வைக்கிற. என் முட்டை மட்டும் நரி வயித்துக்குப் போகுது. உன் குஞ்சு மட்டும் எப்படிப் பிழைச்சுது? ஊமை மாதிரி இருந்துகிட்டு நீதானே நரிக்கு இடத்தைச் சொன்ன?"

"நான் சொல்லல" என்றது கௌதாரி. ஒரே ஒரு தடவைதான் சொன்னது.

ஆள்காட்டி விடவில்லை. மத்தியானம் எல்லாரும் தண்ணீர் குடிக்கக் குட்டைக்கு வரும் நேரம் பார்த்து அங்கேயே வழக்கை வைத்தது. குட்டைக்குக் காட்டுப்பன்றிதான் தலைவர். அதற்கு எதிலும் அவசரம். எந்த வழக்கானாலும் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கிழங்கு தோண்டப் போக வேண்டும்.

"சாட்சி இருக்கா?" என்று கேட்டது பன்றி.

"நான் இருக்கேன்" என்று முன்னால் வந்தது யார் தெரியுமா? குள்ளநரிதான்! முட்டையைத் தின்ற திருடன், உதட்டை நக்கிக்கொண்டு, சாட்சி சொல்ல வந்து நிற்கிறான். அதை அடித்து விரட்ட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. பன்றி அதற்கு உட்கார இடம்கூட ஒதுக்கிக் கொடுத்தது.

"அண்ணே, நான் தின்னேன். இல்லேன்னு சொல்லல" என்றது நரி. "பசி, தின்னுட்டேன். ஆனா இடத்தைக் காட்டினது யாருன்னு மட்டும் கேக்காதீங்க. உதவி செஞ்சவங்களைக் காட்டிக்கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்ல." இப்படிச் சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் கௌதாரியைப் பார்த்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று ஆள்காட்டி குதித்தது. அது போட்ட சத்தத்தில் மான்கள் காதை மடக்கிக்கொண்டன.

கௌதாரி வாயைத் திறந்தது. யார் காதிலும் விழவில்லை.

"சரி, சரி. பசிக்குத் தின்னது குத்தமில்ல, காட்டிக்கொடுத்தது துரோகம்" என்று பன்றி தீர்ப்புச் சொன்னது. "இன்னிலேருந்து கௌதாரியும் அதோட குஞ்சுகளும் எல்லாரும் குடிச்ச பிறகுதான் தண்ணி குடிக்கணும். நான் புரண்டு எழுந்த பிறகு வந்தாப் போதும்."

பன்றி புரண்டு எழுந்த குட்டையில் தண்ணீர் எங்கே இருக்கும்? சேறுதான் இருக்கும். முட்டை தின்றவன் தெளிந்த தண்ணீர் குடித்தான். குற்றமே செய்யாத குஞ்சுகள் சேற்றைக் குடித்தன. யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவர் பக்கம்தான் நியாயம் என்று ஒரு சபை நினைத்துவிட்டால், இந்த அக்கிரமம் எல்லாம் நடக்காமல் என்ன செய்யும்?

சித்திரையில் ஆள்காட்டி மறுபடியும் நாலு முட்டையிட்டது. வைகாசி மழை வந்தால் கூழாங்கல் தரை தண்ணீரில் மூழ்கிவிடும். அந்த வருஷத்துக்கு அவைதான் கடைசி முட்டைகள். அவையும் போய்விட்டால் குஞ்சு என்ற பேச்சே கிடையாது.

"இந்தத் தடவை அவளைக் கையும் களவுமாப் பிடிக்கிறேன்" என்று கணவனிடம் சொன்னது ஆள்காட்டி. "நீங்க முட்டை மேல உக்காருங்க. நரி வந்தா நான் கத்துற மாதிரியே கத்துங்க. நான் கரையில ஒளிஞ்சு நின்னு அந்தக் கௌதாரியையே பாத்துக்கிட்டு இருப்பேன். அவ நரிகிட்ட வாயைத் திறக்கட்டும், அப்புறம் இருக்கு!"

ஒளிந்து நிற்பதென்றால் சத்தம் போடக் கூடாதே! ஆள்காட்டிக்கு அதுதான் முடியாத காரியம். எருக்கஞ்செடியின் பின்னால் போய் நின்ற உடனே ஓர் ஓணான் ஓடியது. கத்தல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு கூழாங்கல்லை எடுத்து அலகில் கவ்விக்கொண்டது.

பிறந்ததிலிருந்து அது பகல் முழுவதும் வாயை மூடியிருந்தது அன்றுதான்.

கௌதாரி கறையான் புற்றைக் கிளறிக் குஞ்சுகளுக்கு ஊட்டியது. மத்தியானம் எல்லாரும் போன பிறகு குஞ்சுகளைக் குட்டைக்குக் கூட்டிப்போனது. கடைக்குட்டி சேற்றில் ஒரு வாய் எடுத்து, துப்பிவிட்டு இருமியது. தாய் அதன் அலகைத் தன் இறகில் துடைத்துவிட்டது. 'எல்லாம் நடிப்பு' என்று ஆள்காட்டி தனக்குள் சொல்லிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது. ஆனால் அந்த இருமல் காதிலேயே நின்றது.

அப்போது கூழாங்கல் தரையிலிருந்து ஒரே கத்தல் கேட்டது. கேட்கச் சகிக்கவில்லை. 'யாரு இது, இப்படி உயிரை வாங்குறது?' என்று ஆள்காட்டி முகத்தைச் சுளித்தது.

பக்கத்துப் பொந்திலிருந்து ஓர் உடும்பு எட்டிப் பார்த்தது. மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவது அதன் வழக்கம். "உன் புருஷன்தான். எருமை ஒண்ணு அந்தப் பக்கம் போகுது, அதுக்குத்தான் இந்தக் கத்து. நீ கத்துறதுக்கு இது எவ்வளவோ மேல்!" என்றது.

வாயில் மட்டும் கல் இல்லாமலிருந்தால் உடும்பு அன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கும். ஆள்காட்டி முறைத்ததோடு சரி.

மூன்றாம் நாள் காலை குள்ளநரி வந்தது.

வந்ததும் கௌதாரியைத் தேடிப் போகவில்லை. கரைச் சரிவில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இரண்டு காதையும் தூக்கி வைத்துக்கொண்டது. கௌதாரி குஞ்சுகளை இறகுக்குள் வாரிப்போட்டுக்கொண்டு புல்லுக்குள் மண்ணாங்கட்டி போலப் படுத்துவிட்டது. மூச்சுக்கூட விடவில்லை.

'பேசு! நரிகிட்டப் பேசுடி!' என்று ஆள்காட்டி மனத்துக்குள் துடித்தது. கௌதாரி பேசவே இல்லை.

நரி எழுந்து இடப்பக்கமாக நாலு அடி வைத்தது. தூரத்திலிருந்து கணவன் குருவி, "வராதே! வராதே!" என்றது. நரி நின்றது. திரும்பி வலப்பக்கமாக நாலு அடி வைத்தது. "வராதே! வராதே! வராதே!" என்று குரல் உயர்ந்தது. நரி தலையை ஆட்டிக்கொண்டு வலப்பக்கமே நடந்தது. நடக்க நடக்கக் கத்தல் ஏறியது. கொஞ்சம் விலகினால் கத்தல் இறங்கியது. அது இறங்கியதும் நரி நின்று திரும்பி, ஏறிய பக்கம் நடந்தது.

"திருடா! இங்கே வராதே! இங்கே வராதே!" என்று கணவன் குருவி அலறியது. அதே வார்த்தை, அதே அலறல். எல்லாம் மனைவியிடம் கற்றது.

ஆள்காட்டிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மாசியிலும் நரி இப்படித்தான் வலமும் இடமுமாக நடந்தது. பங்குனியிலும் இப்படித்தான். கண்ணெதிரே நடந்தும், கத்துகிற மும்முரத்தில் அது கவனிக்கவே இல்லை.

'நானா? நான்தானா காட்டிக்கொடுத்தேன்?'

வெட்கமாக இருந்தது. கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் இந்தத் தடவை திட்டுவதற்கு எதிரே யாரும் இல்லை.

நரிக்கும் முட்டைக்கும் நடுவே இன்னும் பத்து அடிதான். ஆள்காட்டி கல்லைத் துப்பிவிட்டு விருட்டென்று பறந்தது. முட்டை இருந்த பக்கம் போகவில்லை. ஏரியின் மறுபக்கம், மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும் களிமண் திட்டின் மேல் போய், தன் ஆயுளில் கத்தாத கத்தலாகக் கத்தியது.

"ஐயோ! இங்கே வராதே! என் முட்டை! இங்கே வராதே!"

நரி நின்றது. 'பெத்தவளுக்குத் தெரியாதா முட்டை எங்கே இருக்குன்னு!' என்று எண்ணித் திரும்பி ஓடியது. ஓடிய வேகத்தில் காய்ந்த மண் பொத்தென்று உடைந்தது. நாலு காலும் சேற்றுக்குள் போய், வயிறு வரைக்கும் புதைந்தது.

"அநியாயம்! அக்கிரமம்!" என்று ஊளையிட்டது நரி. "ரெண்டு தடவை உன் குரலைக் கேட்டுத்தானே நேரா வந்தேன்? ஒரு தடவையாவது இடம் மாத்திக் கத்தினியா? உன்னை எவ்வளவு நம்பினேன்! முட்டை இல்லாத இடத்துல கத்துறியே, உனக்கு நியாயம் இருக்கா?"

திருடனுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்!

நரி புரண்டு, தவித்து, ஒருவழியாக மேலே ஏறி, ஒரு காலை நொண்டிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு ஏரிப் பக்கமே வரவில்லை. முட்டைகள் தப்பின.

நரி சொன்னதை ஆள்காட்டியைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆள்காட்டி இரண்டு நாள் அப்படித்தான் இருந்து பார்த்தது. மத்தியானம் ஆனால் கடைக்குட்டியின் இருமல் கேட்டது. இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் புல்லுக்குள் போய், கௌதாரியின் காதோரம் முணுமுணுத்தது: "நீ சொல்லல. என் சத்தம்தான் நரிக்கு வழிகாட்டிச்சு. தப்பு என்மேலதான். மன்னிச்சிடு."

கௌதாரி நிமிர்ந்து பார்த்தது. அதிகம் பேசாத அது அன்று பேசியது.

"பழி போட்டப்ப ஊரைக் கூட்டிக் கத்தின. மன்னிப்பை மட்டும் காதுக்குள்ள வந்து சொல்றியா? என் குஞ்சுங்க குடிக்கிற சேத்துல உன் முணுமுணுப்பைக் கலந்தாத் தெளிஞ்சிடுமா? போ. எனக்கு எதுவும் கேக்கல."

ஆள்காட்டிக்குச் சுருக்கென்றது. திரும்பிப்போனது.

அன்று மத்தியானம் குட்டையைச் சுற்றி எல்லாரும் கூடியிருந்தார்கள். ஆள்காட்டி எல்லார் தலைக்கும் மேலே பறந்து கத்தியது.

"கேளுங்க! எல்லாரும் கேளுங்க! காட்டிக்கொடுத்தது கௌதாரி இல்ல! நான்தான்! என் வாய்தான் நரிக்கு வழி சொல்லிச்சு! பொய்ப் பழி போட்டதும் நான்தான்!"

தண்ணீருக்குள் கிடந்த பன்றி தலையைத் தூக்காமலே சொன்னது: "அதான் தீர்ப்பு முடிஞ்சுபோச்சே. இப்ப எதுக்கு இந்தச் சத்தம்?"

"அன்னிக்கு நான் பொய்யைக் கத்தினப்ப உக்காந்து கேட்டீங்கல்ல? இன்னிக்கு உண்மையையும் கேளுங்க! ஒரு கேள்வி கேக்காம, திருடனைச் சாட்சியா வச்சுத் தீர்ப்புச் சொன்னீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல? எழுந்திருங்க! நீங்க வெளியே வர்ற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன்!"

நிறுத்தவும் இல்லை. மான்கள் பன்றியைப் பார்த்தன. எருமை பன்றியைப் பார்த்தது. பன்றி சொட்டச் சொட்ட எழுந்து கரையேறியது. சேறு அடங்கித் தண்ணீர் தெளியும் வரைக்கும் ஒருவரும் குட்டையில் வாய் வைக்கவில்லை.

கௌதாரி குஞ்சுகளோடு முன்னால் வந்தது. கடைக்குட்டி தண்ணீரில் அலகை வைத்துக் குடித்தது. இருமவில்லை. கௌதாரி ஆள்காட்டியை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது:

"இப்ப எனக்குக் கேட்டுது."

நீதி: பிறர்மேல் பழி சொல்லும் முன் வாயை மூடிக் கவனித்தால் நம் குற்றம் நமக்கே தெரியும்; தெரிந்த பின், பழி சொன்ன அதே குரலில் மன்னிப்பும் கேட்க வேண்டும்.