பொருகவா, பொறுகவா?

முன்னொரு காலத்தில், பகல் தூக்கத்தில் காணும் கனவையெல்லாம் சட்டமாக்கிவிடும் அரசன் ஒருவன் இருந்தான். பெயர் குமுதவர்மன். ஒரு நாள் தாமரைக் குளத்தருகே ஊஞ்சலில் கண்ணயர்ந்தபோது, மூடுபனிக்குள்ளிருந்து காலமான தந்தையின் குரல் கேட்டது. ஒரே ஒரு சொல்.

அரசன் எழுந்து சபையைக் கூட்டினான்.

"தந்தையார் 'பொருக' என்றாரா, 'பொறுக' என்றாரா? சின்ன ரகரமானால் போரிட வேண்டும். பெரிய றகரமானால் பொறுத்துக்கொள்ள வேண்டும். காதுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன."

போரென்றால் ஆற்றின் அக்கரை மன்னனோடுதான். அவன் அரசனின் தங்கை கணவன். தன் வீட்டு விழாவுக்கு அழைக்க மறந்துவிட்டான் என்று அரசனுக்கு அவன்மேல் மனத்தாங்கல்.

தளபதி மாவிறல் முந்திக்கொண்டான். "சந்தேகமென்ன, பொருகதான்! நம் விகடகவி பூவணனும் ஆயுதமின்றி முன்வரிசையில் வரட்டும். எதிரிகளைச் சிரிக்கவைத்தே வீழ்த்துவார்." அரசன் பூவணனிடம் காட்டும் பிரியம் அவனுக்கு வெகுநாள் எரிச்சல்.

அரசன் தலையசைத்தான். பூவணன் வணங்கிச் சொன்னான்:

"சித்தம், அரசே. ஆனால் கனவில் பிறந்த கட்டளையை விழித்துக்கொண்டு நிறைவேற்றலாமா? படை முழுவதும் தூங்கட்டும். கனவிலேயே பொருதுவிட்டு வரட்டும்."

அரசனுக்கு அது பிடித்துப்போயிற்று. படை ஆற்றுமணலில் படுத்தது. மருத நிழலில் யானைகள் கண் சொருகின. நட்டுவைத்த ஈட்டிகளின் நுனியில் தும்பிகள் உட்கார்ந்தன. நீரோசை மட்டும் கேட்டது.

பொழுது சாயும்போது எல்லோரும் எழுந்தார்கள். அரசன் கனவுகளைக் கேட்டான். ஒருவன் மகளுக்குத் தலை பின்னினானாம். இன்னொருவன் மேகத்தின்மேல் ஏர் ஓட்டினானாம். போரை யாருமே காணவில்லை.

கண்ணே மூடாத மாவிறல் மார்தட்டினான். "நான் பொருதேன் அரசே! தனியாக வென்றேன்! அக்கரை மன்னர் என் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார்!"

பூவணன் கைதட்டினான். "வாழ்க தளபதி! பொருக என்றதை அவர் முடித்துவிட்டார். காலில் விழுந்தவரை இனி என்ன செய்வது, அரசே? பொறுக வேண்டியதுதானே? தந்தையார் எதைச் சொல்லியிருந்தாலும் நிறைவேறிவிட்டது."

பொய் என்று சொல்லவும் முடியாமல், மெய் என்று சாதிக்கவும் முடியாமல் மாவிறல் விழித்தான்.

அரசன் மணலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவணன் கழுத்தில் போட்டான். பிறகு அக்கரையைப் பார்த்தபடி, "தங்கையைப் பார்த்து வெகுநாளாயிற்று" என்று மெல்லச் சொல்லி, படகைக் கொண்டுவரச் சொன்னான்.