பல்லி நாக்கைக் கடித்த கதை

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் நம்மைவிட நீளம். சும்மா பேசாது, ஓர் ஈயைப் பிடித்துவிட்டு யானையைப் பிடித்ததாகச் சொல்லும்!

முசிறித் துறைமுகத்தில், விளக்குக் கோபுரத்துச் சுவரில் ஒரு பல்லி குடியிருந்தது. விளக்கைப் பார்த்துக்கொண்டவள் நன்முல்லை, கைக்குழந்தைக்காரி. தனியாக இருந்த அவளுக்குப் பல்லிதான் பேச்சுத்துணை.

ஒரு மழை இரவில் விளக்கு அணைந்தது. மாசாத்தனின் படகு பாறையில் மோதி உடைந்தது. ஆட்கள் நீந்திப் பிழைத்தார்கள், ஆனாலும் ஊர் கொதித்தது. "தூங்கிட்டா! பிள்ளையோட ஊரைவிட்டுத் துரத்துங்க!" என்று கத்தினான் மாசாத்தன்.

வழக்கைக் கேட்க யவனர் செர்வியனை உட்காரவைத்தார்கள். ரோமாபுரியிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவர். மாமன் மச்சான் என்று யாரும் இல்லாததால் ஓரவஞ்சனை செய்யமாட்டார் என்று ஊருக்கு நம்பிக்கை.

"சாட்சி உண்டா, அம்மா?"

"காத்து விளக்கை அணைச்சதைப் பல்லி பார்த்துச்சு, ஐயா."

பல்லி நெஞ்சை நிமிர்த்தியது. "காத்தா அது? ஏழு தலைப் பூதம்! என் வாலாலேயே அதைச் சுத்திப் பிடிச்சேன், தெரியுமா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நன்முல்லை தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, என் குடியைக் கெடுத்திட்டியே!"

செர்வியன் சிரிக்கவில்லை. "காற்று அடித்தது மெய்யாக இருக்கலாம். நீ அதற்கு ஏழு தலை ஒட்டிவிட்டாய். இனி அந்தக் காற்றையே யார் நம்புவார்? மெய்க்கு நகை பூட்டும் ஆசை நல்லவர்களுக்கும் உண்டு. எங்கள் நாட்டிலும் பார்த்தேன், இங்கேயும் பார்க்கிறேன். அதை அடக்குவதுதான் நல்ல குணம்."

பல்லி குழந்தையின் முகத்தைப் பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நறுக்கென்று தன் நாக்கைக் கடித்துத் துப்பிவிட்டது.

"இனி நீயே சொல், அம்மா" என்றார் செர்வியன்.

"மழைக்காத்துதான் ஐயா விளக்கை அணைச்சது."

'உச், உச்' என்றது பல்லி. அவ்வளவுதான் அதற்கு வந்தது.

"உடனே ஏத்தினேன். அதுக்குள்ள படகு மோதிடுச்சு."

'உச், உச்.'

நன்முல்லைக்குத் தைரியம் வந்தது. "அன்னைக்கு நான் கண்ணையே மூடலை!"

சுவரில் சத்தமே இல்லை.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மூடினேன், ஐயா. பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே கொஞ்சம் அசந்துட்டேன். பயத்துல மறைச்சேன். ஆனா காத்துச் சத்தம் கேட்டு முழிச்சப்போ விளக்கு எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. அணைஞ்சது அப்புறம்தான்."

'உச், உச்.'

மாசாத்தன் தலையைச் சொறிந்தான். "வேண்டப்பட்டவளுக்காகக்கூடப் பொய்க்கு ஒத்துப்போகாத சாட்சி ஐயா இது. இதை நம்பாம வேற எதை நம்புறது? அவ இங்கேயே இருக்கட்டும்."

அன்று முதல்தான் பல்லி பேச்சை விட்டது. நாம் பேசும்போது அது 'உச்' என்றால், "பாரு, பல்லியே சொல்லிடுச்சு!" என்று தரையைத் தட்டிப் பூரித்துப்போகிறோம். அது சும்மா இருக்கும்போது மட்டும் ஏனோ நாம் சுவர்ப்பக்கம் திரும்புவதே இல்லை.