ஒரே மூட்டுக்கு இரண்டு விலை

பூக்காரி சடைச்சிக்கு மூட்டுவலி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார் டாக்டர். பஸ் ஸ்டாண்டு ஸ்கேன் சென்டரில் நாலாயிரம் கேட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பதினோராயிரம். ஒரே மூட்டுக்கு எப்படி இரண்டு விலை? அவளுக்குத் தலை சுற்றியது.

"எங்க மெஷின் அப்படிம்மா! மலிவைத் தேடினா காலே போயிடும்," என்று அதட்டினார் ஆஸ்பத்திரி மேனேஜர்.

குழப்பம் தீராமலே கும்பிட்டாள் சடைச்சி. "அப்பேர்ப்பட்ட மெஷினை ஒருதடவை கண்ணுல காட்டுங்க சார். பார்த்துட்டுப் பணத்தைக் கட்டிடறேன்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அது... இங்கே இல்ல. எங்க வண்டியில கூட்டிட்டுப் போவோம்."

"எங்கே சார்?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் நின்ற வண்டி டிரைவர்தான் வெள்ளந்தியாகச் சொன்னான்: "பஸ் ஸ்டாண்டு ஸ்கேன் சென்டருக்குத்தான்க்கா."

"அடேயப்பா! இந்தா இருக்கிற இடத்துக்கு வண்டிக்கூலி ஏழாயிரமா? நான் நொண்டிக்கிட்டே போய்க்கிறேன் சார்!"

சடைச்சி படியிறங்கினாள். பணம் கட்ட நின்ற வரிசையும் அவள் பின்னாலேயே இறங்கியது.