வெல்லத்துக்கு ஒரு ஊசி

"அம்மா, எதையும் ஒரு தடவையோட விட முடியல" என்றார் செண்பகராமன்.

பாபநாசத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் இருந்தது பேராச்சி அம்மாவின் மடம். அம்மாவுக்கு வயது முப்பத்தெட்டு. கேட்க வந்தவருக்கு ஐம்பத்து நான்கு.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். முடுக்கிய போல்ட்டை மறுபடி முடுக்கிப் பார்ப்பது அங்கே வேலை. வீட்டில் அதுவே வியாதியாகிவிட்டது. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவார். மகள் கழுத்தில் தாலி ஏறிய நேரத்திலும் பூட்டைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்.

அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

சந்தேகம் தீர ஒரு வழி வேண்டும் என்று கேட்டார்.

அம்மா தன் மடியில் கிடந்த பூனையைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.

பழுப்புப் பூனை. பெயர் வெல்லம். சர்க்கரை வியாதி வருவதற்கு முன்பே வைத்த பெயர்.

"காலையில ஏழு, சாயங்காலம் ஏழு. தின்னு முடிச்சதும் ஒரு ஊசி. இனிமே உங்க பொறுப்பு, அண்ணாச்சி."

"என்னை நம்பியா?"

அம்மா எழுந்து போய்விட்டார். கொல்லையில் மீன் வெந்துகொண்டிருந்தது. மடத்தில் சைவம், வெல்லத்துக்கு மட்டும் தனி அடுப்பு.

செண்பகராமன் மடத்திலேயே ஒரு ரூமில் தங்கினார். ஊசி போட அம்மாவே கற்றுக்கொடுத்தார். பிடரித் தோலைக் கொத்தாகத் தூக்கி அதன் அடியில் குத்த வேண்டும். இரண்டே யூனிட். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. பூனை தின்னாவிட்டால், போடாமல் மாட்டு டாக்டரைக் கேட்க வேண்டும். மருந்து கூடிப்போய்த் தள்ளாடினால் ஈறில் தேனைத் தடவிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

முதல் நாள் அளவை நாலு தடவை சரிபார்த்த பிறகே குத்தினார். மூன்றாம் நாள் ஊசி குத்தியபோது வெல்லம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில், ஓயாமல் தண்ணீர் குடிப்பது குறைந்தது. பத்தாம் நாள் மதில்மேல் தாவி ஏறியது. மடத்துக்கு வந்தவர்களையெல்லாம் செண்பகராமன் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

பன்னிரண்டாம் நாள் காலை, குத்தும் நேரத்தில் வெல்லம் துள்ளியது.

ஊசி காலியாக இருந்தது. ரோமம் ஈரமாக இருந்தது.

மோந்து பார்த்தார். மருந்து வாடை. இன்னொரு தடவை மோந்தார். மீன் வாடை.

புது ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு, பூனையை இடுக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினார்.

"மருந்து உள்ள போச்சா போகலையான்னு தெரியல. இன்னொன்னு போட்டுரவா?"

"போகலைன்னா?"

"சர்க்கரை ஏறும்."

"ஏறினா?"

"சாயங்கால ஊசியில இறங்கிரும்."

"போயிருந்தா?"

செண்பகராமன் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

"ரெண்டு மடங்காயிரும். வெல்லம் செத்தாலும் செத்துரும்."

அம்மா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குளிக்கக் கிளம்பிவிட்டார்.

"போச்சா இல்லையான்னு எப்பத்தாம்மா தெரியும்?"

"தெரியாது, அண்ணாச்சி."

ஆற்றுக்கு இறங்கிப் போய்விட்டார்.

செண்பகராமன் பூனையின் தோலைத் தூக்கினார். விட்டார். மறுபடி தூக்கினார். விட்டார். பிறகு பலாமரத்தடிக்குப் போய் மருந்தை மண்ணில் பீய்ச்சினார். மருந்து முழுதும் போயிற்றா என்று குனிந்து பார்த்தார். குனிந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் நீர் வந்தது.

தேன் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு வெல்லம் கொட்டாவி விட்டது. மயக்கமோ என்று எழுப்பி நடக்கவிட்டார். நேராக நடந்தது. பதினொன்றுக்குத் தண்ணீர் குடித்தது. அப்படியானால் மருந்து போகவில்லை. ஆனால் வெயில், அவருக்கும்தான் தாகமாக இருந்தது. அப்படியானால் போயிருக்கலாம்.

மத்தியானம் வரை மனசுக்குள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடினார். அதற்கு மேல் முடியவில்லை.

வெல்லம் அவர் காலின்மேல் தலை வைத்துத் தூங்கியது. கால் மரத்துப்போயிற்று. அவர் அசையவில்லை. பூனையின் வயிறு ஏறியது, இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு வெல்லம் தட்டைப் பிறாண்டிக் கத்தியது. மிச்சம் வைக்காமல் தின்றது. தோலைத் தூக்கினார். ஒரு ஊசி. கடைசி நொடியில் அது அவர் கையைப் பிறாண்டிவிட்டு ஓடியது.

அம்மா இலை போட்டுக்கொண்டிருந்த கூடத்துக்கு வேட்டி தடுக்க ஓடிவந்தார். வெல்லம் கத்தியது, தின்றது, நேராக ஓடியது என்று மூச்சுவிடாமல் சொன்னார். புறங்கையில் இருந்த ரத்தக் கோட்டைப் பரிசு வாங்கியவர் போல நீட்டிக் காட்டினார்.

அம்மா சோறு வைத்தார்.

"ரூமைப் பூட்டிட்டு வந்தீயளா, அண்ணாச்சி?"

செண்பகராமன் இடுப்பைத் தடவினார். சாவி இருந்தது. பூட்டியது நினைவில்லை.

"தெரியலையே" என்றார்.

சோற்றின் நடுவில் குழி செய்தார்.

"குழம்பு ஊத்துங்கம்மா."