பன்னிரண்டு பாட்டிலுக்கு ஒரு மரம்

கொடைக்கானலில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காருகிற மாதம் அது. தச்சுப் பட்டறையில் எதிரே நிற்பவர் முகம் பாதிதான் தெரியும்.

பட்டறைக்கு ஆசான் அமலோற்பவம். நாற்பது வயதுக்காரி. சீடர் இன்னாசிக்கு அறுபத்திரண்டு. தபால் ஆபீஸில் முத்திரை குத்தி ஓய்ந்த கை இப்போதுதான் இழைப்புளி பிடிக்கிறது. ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்!

அவருக்கு வேண்டியது பாட்டில் வைக்க ஒரே ஓர் அடுக்கு. மனைவி பிலோமினா கடைசியாகப் போட்ட திராட்சை ஒயின், பன்னிரண்டு பாட்டில், கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்தவள், அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு வருஷம். அதுவரை ஒயின் கெடக் கூடாது. கெட்டால் அவளை இரண்டாம் தடவை புதைத்த மாதிரிதான் என்று அவருக்குப் பயம்.

ஒருநாள் ஒரு பலகையோடு வந்தார். தேவதாரு. பட்டறையே மணத்தது.

"பிலோமினாவோட சேலைப் பெட்டிம்மா. பிரிச்சிட்டேன். இதுலயே அடுக்கு செஞ்சிடலாமா?"

ஆசை யாரை விட்டது? அமலோற்பவம் பலகையை முகர்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் ஓரத்தில் ஒரு சிறு துண்டு அறுத்தாள். தைல மரத்தில் ஒன்று, பழைய வீட்டு உத்தரத்து வேங்கையில் ஒன்று எடுத்துச் சேர்த்துக் கொடுத்தாள்.

"தினம் மத்தியானம் ஒண்ணைத் தலைமாட்டுல வெச்சுத் தூங்குங்கண்ணே. என்ன கனவு வந்துச்சுன்னு சொல்லுங்க."

இதென்ன கூத்து என்று நினைத்தார். ஆனாலும் தூங்கினார்.

முதல் நாள் தைல மரம். "சின்னப் பிள்ளையாயிட்டேன். ஜலதோஷம். எங்கம்மா நெஞ்சுல தைலம் தேய்ச்சாங்க."

"சரி."

மறுநாள் தேவதாரு. "பெட்டியைத் திறந்தேன். சேலை ஒவ்வொண்ணா எழும்பி ஜன்னல் வழியா மேகத்துக்குள்ள போச்சு. அவ்வளவு அழகும்மா!"

"அண்ணி?"

"அவ வரல. சேலை மட்டும்தான்."

மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி வந்தார். வேங்கைத் துண்டை மேசைமேல் வைத்தார்.

"இது ஒண்ணும் காட்டலம்மா. வாசமும் இல்ல. வீண் மரம்."

"கனவே வரலையா?"

"பிலோமினா வந்தா. மடி நிறைய திராட்சை, கையெல்லாம் கருநீலம். ஒரு கரண்டி என் வாயில ஊத்தி, 'ஏங்க, இந்த வாட்டி சீனி தூக்கலா?'ன்னு கேட்டா." உதட்டை நக்கிப் பார்த்துக்கொண்டார். "அந்த ருசி இன்னும் நாக்குல நிக்குது. ஆனா மரம்தான் வாயே தெறக்கல."

அமலோற்பவம் வேங்கையை எடுத்து அவர் கையில் வைத்தாள். ரம்பத்தையும் நீட்டினாள்.

"பெட்டியை நான் பழையபடி கோத்துத் தரேன், சேலை அதுலயே இருக்கட்டும். நீங்க அடுக்குக்கு இந்த வேங்கையையே அறுங்க. வாச மரம்னா ஒயின்லயும் அந்த வாசம் ஏறிடும். அண்ணி பேசுறப்போ குறுக்க பேசாத மரம் இது ஒண்ணுதாண்ணே."