வைக்கோல் கன்று

மலையடி மடத்து மோர் என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. படி ஏறி வந்தவர் யாராக இருந்தாலும் ஒரு சொம்பு மோர் குடிக்காமல் இறங்கியதில்லை. மடத்துக்கு வேறு சொத்து இல்லை. ஒரு செவலைப் பசு, ஒரு மோர்ப்பானை, அந்தப் பேர். அவ்வளவுதான்.

மடத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெண். எல்லாரும் அம்மா என்பார்கள். வயது நாற்பதுகூட இருக்காது. அவருடைய சீடர் ஆவுடையப்பனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அதனால் அங்கே குருவே சீடரை வாங்க, போங்க என்று பேசுவார்.

ஆவுடையப்பன் முகம் வாடி யாரும் பார்த்ததில்லை. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

"எம் பொஞ்சாதி செத்த அன்னைக்கே, வந்தவங்களுக்கெல்லாம் காப்பி ஆத்திக் குடுத்தவன் நான்" என்பார். "அழுதா போனவ வந்துருவாளா? சிரிங்கப்பா."

துக்கத்தோடு வருகிறவர்கள் முதலில் அவரிடம்தான் போவார்கள். சிரித்துக்கொண்டு இறங்குவார்கள்.

ஒரு திங்கட்கிழமை சொரிமுத்து என்பவன் தன் மனைவி வடிவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்களுடைய கைக்குழந்தை காய்ச்சலில் போய்ப் பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும். வடிவு அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. கொண்டுவந்து உட்கார வைத்த இடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"தொட்டில அவுத்துட்டோம் சாமி" என்றான் சொரிமுத்து. "துணிமணியெல்லாம் ஆத்துல விட்டாச்சு. புள்ள பேரக்கூட வீட்டுல யாரும் எடுக்கிறதில்ல. அப்படியும் இப்படியே இருக்கா. நாளுக்கு நாள் உடம்பு கரையுது. இவளும் போயிருவாளோன்னு பயமா இருக்கு."

"வெள்ளிக்கிழமை வா தம்பி" என்றார் ஆவுடையப்பன். "சிரிச்ச முகத்தோட அனுப்புறேன். மடத்துக்குன்னு ஒரு பேர் இருக்குல்ல?"

சொரிமுத்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டு, வடிவை மடத்தில் விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் செவலையின் கன்று கழிச்சல் கண்டு செத்துப்போனது. கன்று இல்லாமல் செவலை பாலை விடவில்லை. மடியில் கை வைத்தால் உதைத்தது.

இருந்த கொஞ்சம் மோரில் ஆவுடையப்பன் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார். உப்பும் பெருங்காயமும் கூட்டி, கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டார். வந்தவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள். அம்மாவும் ஒரு வாய் குடித்தார்.

"இது என்ன?"

"மோர் அம்மா."

அம்மா சொம்பைக் கீழே வைத்தார்.

"ஒருத்தருக்கும் தெரியல" என்றார் ஆவுடையப்பன். "பேரைக் காப்பாத்திட்டேன்ல?"



சாயங்காலத்துக்குள் ஆவுடையப்பன் இன்னொரு வேலையும் முடித்துவிட்டார். செத்த கன்றின் தோலை உரித்து வாங்கி, உப்புத் தடவி உலர்த்தி, உள்ளே வைக்கோலை அடைத்துக் கோணி ஊசியால் தைத்தார். நாலு குச்சி கொடுத்து நிற்க வைத்தார். மாடு வைத்திருக்கிறவர்கள் செய்வதுதான். ஆனால் இவர் செய்தது நிஜக் கன்று மாதிரியே இருந்தது. செவலை மோந்து பார்த்தது, நக்கியது. பால் இறங்கிவிட்டது.

வடிவையும் அவர் சும்மா விடவில்லை. கைக்குழந்தையோடு வருகிற பெண்களையெல்லாம் பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார். யாரும் பிள்ளைப் பேச்சு எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னார். மாமியார் வீட்டுக்கு முதல் தடவை போன மாப்பிள்ளை ஒருத்தன், பசிக்கவில்லை என்று கௌரவமாகச் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்ததும் அடுப்படிக்குள் போய்ப் பழைய சோற்றுப் பானையில் கையை விட்டு மாட்டிக்கொண்ட கதை. பானை கையில் மாட்டியபடி அந்த மாப்பிள்ளை மாமியாருக்கு வணக்கம் சொன்னதை நடித்துக் காட்டினார்.

வடிவு சிரித்தாள்.

ஆவுடையப்பன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"பாத்தீங்களா அம்மா? சிரிக்கிறா. பூகூட வெச்சுக்கிட்டா போல. கிட்டப் போனா மல்லிகை வாசம் ஆளைத் தூக்குது."

"தலையில பூவைப் பாத்தீங்களா?"

ஆவுடையப்பன் யோசித்தார். "இல்ல."

"பால் வத்துறதுக்கு மல்லிகைய மார்ல வெச்சுக் கட்டுவாங்க."

அவர் துண்டை இறக்கி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அதுவும் சரியாயிரும் அம்மா" என்றார்.

"அவ புள்ள பேரு என்ன?"

"தெரியாது அம்மா. எடுக்கவே விடலையே!" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"சாப்பிடுறாளா?"

"தட்டு காலியாத்தான் வருது."

அம்மாவின் முகம் மலராதது அவருக்கு உறுத்தியது.

"எப்பவும் சந்தோசமா இருக்கச் சொல்றது தப்பா அம்மா? நல்லதுதானே?"

"செவலை பால் குடுத்துச்சா?"

"குடுக்குது. அந்தக் கன்னை நக்கிக்கிட்டே குடுக்குது. நமக்கும் பால் கிடைச்சுச்சு."

"நமக்குப் பால் கிடைச்சுச்சு. அதுக்கு என்ன கிடைச்சுச்சு?"

"அதுக்கு... கன்னு."

"எங்க?"

ஆவுடையப்பன் தொழுவத்தைப் பார்த்தார். அம்மா எழுந்து போய் மாட்டின் கழனித் தொட்டிக்குள் கையை விட்டார். உள்ளேயிருந்து சோற்று உருண்டைகளை எடுத்தார். பிசைந்து உருட்டிய உருண்டைகள். ஒன்றில்கூடப் பல் படவில்லை.

"தட்டு காலியா வருதுன்னீங்களே" என்றார்.

மறுநாள் மத்தியானம் அது நடந்தது. உப்பு ருசிக்கு நக்கி நக்கிக் கன்றின் வயிற்றுத் தையல் விட்டுவிட்டது. வைக்கோல் வெளியே எட்டிப் பார்த்தது. செவலை மோந்தது. ஒரு வாய் இழுத்தது. மென்றது. இன்னொரு வாய் இழுத்தது.

சோற்றைத் தொட்டியில் போடத் தட்டோடு வந்த வடிவு அதைப் பார்த்தாள். தன் கன்றின் வயிற்றுக்குள் முகத்தை விட்டு மாடு தின்றுகொண்டிருந்தது.

தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டு ஆவுடையப்பன் ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்ல தாயி! நீ உள்ள வா. இதெல்லாம் பாக்காத. அந்த மாப்பிள்ளை மறுநாள் என்ன செஞ்சான் தெரியுமா..."

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து கோணி ஊசியை எடுத்தார். கன்றைத் தைக்கக் குனிந்தார்.

அம்மா அவர் கையைப் பிடித்து ஊசியை வாங்கிக்கொண்டார்.

"தைக்காதீங்க."

வைக்கோல் கன்றைத் தூக்கினார். கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தார்.

செவலை கன்று நின்ற இடத்தை மோந்து பார்த்தது. சுற்றிச் சுற்றி மோந்தது. அப்புறம் தலையைத் தூக்கிக் கத்தியது. மலையில் பட்டுத் திரும்பி வந்தது அந்தச் சத்தம்.

"அம்மா, நாளைக்கு அவ புருசன் வர்றான். நான் வாக்குக் குடுத்திருக்கேன். இந்தச் சத்தத்தக் கேட்டா இவ மனசு ஒடஞ்சிரும்."

"ஒடையாம இருக்குன்னா நெனச்சீங்க?"

அம்மா தொழுவத்துச் சாணித் தரையிலேயே வடிவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உம் புள்ள பேரு என்ன தாயி?"

வடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்து நாளாகியிருந்தது.

"மகராசன்."

சொல்லி முடிக்கவில்லை, அழுகை வந்துவிட்டது. வயிற்றிலிருந்து வந்த அழுகை. செவலை ஒரு பக்கம் கத்தியது, இவள் ஒரு பக்கம் கத்தினாள். ஆவுடையப்பன் ஒரு எட்டு முன்னால் வைத்தார். அம்மா அவரைப் பார்க்காமலே கையைக் காட்டினார். அவர் நின்றுவிட்டார்.

வெயில் சாயும்போது வடிவு பேச ஆரம்பித்தாள்.

"பேருக்கேத்த மகராசன் அம்மா எம் புள்ள. நடைகூட வரல. சாமி சப்பரம் தெருவுல வந்தா அவனாவே கையத் தூக்குவான், யாரும் சொல்லிக் குடுக்கல. ஒத்தப் பல்லுதான் மொளச்சிருந்துச்சு. அத வெச்சுக்கிட்டு முறுக்கு வேணும்னு ஒரு சண்டை போடுவான் பாருங்க! எங்க தெருவுல அவனத் தூக்காத கையே கிடையாது. எங்கிட்ட வர்றதுக்குள்ள ஒன்பது வீட்டுப் பவுடர் வாசம் அடிக்கும் அவன் மேல."

கண்ணீர் நிற்கவில்லை. ஆனால் கழுத்து நிமிர்ந்திருந்தது. திருவிழாவில் தன் பிள்ளைக்குப் பரிசு கிடைத்ததைச் சொல்கிற தாய் மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

விளக்கு வைத்த பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"பெரியப்பா, சோறு இருக்கா?"

ஆவுடையப்பன் பரிமாறினார். வடிவு சாப்பிட்டாள். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவும்போது கேட்டாள்.

"உங்க வீட்டுப் பெரியம்மா பேரு என்ன பெரியப்பா?"

கரண்டி அவர் கையிலேயே இருந்தது.

"இசக்கியம்மா" என்றார்.  கரண்டியைக் கீழே வைத்தார். "அவ போடுற வடகம் மாதிரி இந்தச் சுத்துவட்டாரத்துல எவளும் போட்டதில்ல."



வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் சொரிமுத்து வந்தான். வடிவின் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"சிரிச்ச முகத்தோட அனுப்புறேன்னீங்களே சாமி!"

வேறொரு நாளாக இருந்தால் ஆவுடையப்பன் ஒரு கதையை எடுத்து விட்டிருப்பார்.

"சொன்னேன் தம்பி" என்றார். "நேத்து நல்லா அழுதா. நல்லா சாப்பிட்டா. காலையிலயும் சாப்பிட்டா."

"நம்ம மகராசனப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேங்க" என்றாள் வடிவு.

சொரிமுத்து யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தான். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்தான்.

"எதச் சொன்ன?"

"முறுக்குக்குச் சண்டை போடுறத."

"சப்பரம்?"

"சொன்னேன்."

"எம் மீசையப் புடிச்சா விடமாட்டானே, அதச் சொன்னியா?"

"அத நீங்க சொல்லுங்க."

அவன் சொன்னான். படியில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான். பின்வாசல் பக்கம் பிள்ளையோடு நின்ற பெண்களும் முன்னால் வந்து கேட்டார்கள். மீசையைத் தானே பிடித்து இழுத்துக் காட்டினான். கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது, அவன் துடைக்கவில்லை. "என்ன பிடிங்கிறீங்க! பயில்வான் பிடி!" என்றான்.

ஆவுடையப்பன் அடுப்படிக்குப் போனார். மோர்ப்பானையைச் சாய்த்துப் பார்த்தார். தொழுவத்துக்கு ஓடினார். செவலை இன்னும் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அம்மா அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, வெயில்ல வந்தவன். அழுது, பேசி, தொண்டை வறண்டு கிடக்கான். பானையில ஒரு சொட்டு மோர் இல்ல. இந்த மடத்துல இப்படி ஒரு நாளும் ஆனதில்ல. நான் என்னத்தக் குடுக்க?"

"தண்ணி குடுங்க" என்றார் அம்மா. "தண்ணின்னு சொல்லிக் குடுங்க."