மனைவி ஆஜர்

அமெரிக்காவில் மோட்டார் கார் புதிதாக ஓடத் தொடங்கிய காலம். ஒரு துறைமுக ஊரில் அடலின் மெரிட் என்ற நாவலாசிரியை இருந்தார். காதலும் கடலும் கலந்து அவர் எழுதிய கதைகளைப் படித்தபடியே ரயிலில் போனவர்கள், இறங்க வேண்டிய ஊரைத் தவறவிட்டார்கள்.

அவரிடம் எழுதக் கற்றுக்கொள்ள ஒரு சீடர் வந்துகொண்டிருந்தார். பெயர் ஜோசையா. குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நாற்பது வருடம் கப்பல் ஓட்டிய கேப்டன்.

ஒரு வியாழக்கிழமை காலை அவர் முகம் வாடி வந்தார். கூடவே அவர் மனைவி ரூத்தும் வந்திருந்தார்.

"என்ன கேப்டன், எதிர்க்காத்தா?"

"பத்திரிகையிலிருந்து கடிதம், அம்மணி. என் நாவலைப் போடுறாங்களாம். ஆனா கடைசி அத்தியாயம் சரியில்லையாம். நாளைத் தபாலில் திருத்தி அனுப்பலேன்னா மொத்தமும் திரும்பி வந்துடும். மூணு வருஷ உழைப்பு."

சொல்லிவிட்டு, மனதில் இருந்ததையும் கொட்டிவிட்டார்.

"நீங்க ஒரு படகில்கூட ஏறினதில்லை. உங்க கதையில் புயலடிச்சா எனக்கே குமட்டுது. நான் ஏழு கடலும் பார்த்தவன். என் கதையில் புயலடிச்சா படிக்கிறவன் குறட்டை விடுறான். இது என்ன நியாயம்?"

அடலின் அவர் கையிலிருந்த கையெழுத்துப் பிரதியைக் காட்டினார்.

"கடைசி அத்தியாயத்தை வாசிங்க. உரக்க."

கதாநாயகன் மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பும் இடம் அது. தமக்கு நடந்ததையே கேப்டன் எழுதியிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"தேதி ஒன்பது. மாலை நாலு மணி. மழை. காற்று வடகிழக்கு. நங்கூரம் இறக்கினோம். கரையில் மனைவி ஆஜர். இருவரும் நலம். முற்றும்."

ரூத் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கேப்டன் பயந்தே போனார். பார்த்தால் சிரிப்பு.

"ஆஜரா! ஏங்க, நான் என்ன உங்க கப்பல் மாலுமியா? விடிஞ்சதிலிருந்து மழையில் நின்னேன். புது நீலத் தொப்பி. சாயம் வழிஞ்சு முகமெல்லாம் நீலம். நீங்க இறங்கி வந்து, 'அம்மா, என் மனைவியைப் பார்த்தீங்களா'ன்னு என்கிட்டயே கேட்டீங்க!"

அடலினுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்புறம்?"

"அடையாளம் தெரிஞ்சதும் கைக்குட்டையால் துடைச்சுவிட்டார். மூணு வருஷமா நான் ஜெபத்தில் கேட்டது அந்தக் கையைத்தான்."

கேப்டன் தம் கையைப் பார்த்துக்கொண்டார்.

"இதை ஏன் எழுதலை?" என்று கேட்டார் அடலின்.

"கப்பல் குறிப்பேட்டில் நடந்ததை மட்டும்தான் எழுதணும், அம்மணி. அது பழகிப்போச்சு."

"இது நடக்கலையா?"

கேப்டன் 'மனைவி ஆஜர்' என்ற வரியை மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நாளைத் தபாலுக்குள் இதை நான் எப்படி எழுதுவேன்? கரையில் நின்ன கதை எனக்குத் தெரியாதே."

அடலின் எழுந்தார். தம் நாற்காலியில் ரூத்தை உட்காரவைத்தார். கேப்டனின் கையில் பேனாவைக் கொடுத்தார்.

"அவங்க சொல்லச் சொல்ல எழுதுங்க, கேப்டன். என் புயலெல்லாம் கரையில் நின்னவங்க சொன்னதுதான்."